இரண்டாவது சாவி

எங்கள் வங்கிக் கிளையின் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று மேலாளரிடம் இருக்கும். மற்றொன்று, தலைமைக் காசாளர் என்ற முறையில், நான் ஓய்வு பெறும்வரை என்னிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மேலாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தார்கள், நான் மாறவில்லை. ஆகையால் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடைப்பட்ட அந்த ஊரில் யார் வீட்டு நகை எந்த மாதம் உள்ளே வரும், எந்த மாதம் வெளியே போகும் என்பது, அந்தந்த வீட்டு மருமகள்களுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரிந்திருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தெரிந்ததை வெளியில் சொல்லாமல் இருப்பதும் அந்த வேலையில் அடக்கம்.

நகை மதிப்பீட்டாளர் எங்கள் ஊழியர் அல்லர். பரம்பரையாகப் பொன் வேலை செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர், கூலி அடிப்படையில் வருபவர். சங்கிலியை வாங்கி முதலில் கையிலேயே ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். பிறகு கறுப்பு உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் அமிலத்தை ஒரு சொட்டு விட்டு, கோடு கரைகிறதா நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கவனிப்பார். தோடாக இருந்தால் கல்லுக்கும் உள்ளே அடைத்திருக்கும் அரக்குக்கும் எடை கழிப்பார். அந்த இடத்தில்தான் எப்போதும் தகராறு வரும். வாங்கும்போது கல்லையும் பொன் விலைக்கே நிறுத்துக் கொடுத்த கடைக்காரரிடம் கேட்காத கேள்வியை, அடகு வைக்கும்போது எங்களிடம் கேட்பார்கள். எடை போட்டு முடித்ததும் நகை துணிப்பைக்குள் போகும். சீட்டு கட்டி, முத்திரை வைத்து, கடன் எண் எழுதி உள்ளே வைப்போம். ஒரு பையை எடுத்தால் பக்கத்துப் பைகளும் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் பகுதியில் அடகு வைத்த நகையை யாரும் மீட்பதில்லை, 'திருப்புவார்கள்'. திருப்ப முடியாமல் ஏலத்துக்குப் போனால் அது 'மூழ்கிவிட்டது' என்று சொல்வார்கள், ஏதோ ஆற்றில் விழுந்ததைப் போல. இந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் வட்டி கட்டினார்கள். ஏல அறிவிப்புக் கடிதம் தபால்காரர் கையில் தெருவழியே வருவதைவிட, அவசரமாக மாட்டை விற்பது மேல் என்று நினைத்தவர்கள் அவர்கள். பெண்கள் தாலிக்கொடியைக் கழற்றித் தருமுன் தாலியை மட்டும் உருவி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கவுன்டருக்கு முன் நின்று கழற்றுவதில்லை. ஆடிப்பெருக்கு நெருங்கும்போது மஞ்சள் கயிறு மாற்றுவது வழக்கம் என்பதால் அந்த நாட்களில் யார் கழுத்தைப் பார்த்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த மறைவு அவர்களுக்கு ஒரு சிறிய ஆறுதலாக இருந்திருக்கலாம்.

கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் எல்லோரும் எழுதியது விவசாயச் செலவு. உண்மையில் ஜூன் மாதம் வந்தால் அது பள்ளிக் கட்டணம். தை பிறந்தால் கல்யாணம். மற்ற நாட்களில் சிங்கப்பூர் போகும் மகனுக்கு முகவரிடம் கட்ட வேண்டிய பணம். விவசாய நகைக்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் அரசு தள்ளிக்கொடுத்தது. நில உரிமையைக் காட்டும் சிட்டாவும் சாகுபடியைக் காட்டும் அடங்கலும் கொண்டுவந்தால் போதும். கால் காணி நிலம் வைத்திருந்தவர் சிட்டாவை எத்தனை உறவினர்கள் பயன்படுத்தினார்கள் என்பதை நான் எண்ணியதில்லை. 4 சதவீதத்தில் கடன் வாங்கி, அதே கிளையில் அடுத்த கவுன்டரில் வைப்பு நிதியில் போட்டு வித்தியாசத்தைச் சம்பாதித்த கனவான்களும் இருந்தார்கள். அவர்கள் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறவே இல்லை. 2019 அக்டோபரிலிருந்து அந்த வட்டிச் சலுகை விவசாயக் கடன் அட்டை வழியாக மட்டுமே என்று ஆனபோது, இந்தக் கனவான்களோடு சேர்ந்து அட்டை இல்லாத குத்தகைதாரரும் வெளியே தள்ளப்பட்டார். முன்னவருக்குப் போனது ஒரு சில்லறை லாபம்; பின்னவருக்கு அது சாகுபடிச் செலவு.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரு நாள் மூடியிருந்து 10 ஆம் தேதி கிளையைத் திறந்தபோது வரிசை கடைத்தெரு வரை நின்றது. விரலில் மை வைத்தது, 4,000 என்றும் 4,500 என்றும் 2,000 என்றும் வரம்பு மாறிக்கொண்டே இருந்தது எல்லாம் எல்லோரும் அறிந்தவையே. நான் பார்த்த வேறொன்றைச் சொல்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளாக வட்டி மட்டும் கட்டி, பையை அசைக்காமல் விட்டிருந்தவர்கள் திடீரென்று பழைய தாள்களோடு வந்து நகையைத் திருப்பினார்கள். பணம் அவர்களுடையது அன்று என்பது அவர்கள் நோட்டை எண்ணிய விதத்திலேயே தெரிந்தது. சொந்தப் பணத்தை எவரும் அவ்வளவு வேகமாக எண்ணிக் கொடுப்பதில்லை. யாரோ ஒருவருடைய பதுக்கல், இவர்களுடைய தாலிக்கொடியாக உருமாறி வெளியே போயிற்று. அந்த வாரங்களில் பெட்டகத்தின் இரண்டு அடுக்குகள் காலியாயின. புத்தாண்டுக்குப் பின் அதே நகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன; பணத்தின் உண்மையான சொந்தக்காரர் புதிய தாளாகக் கேட்டிருப்பார். தடை செய்யப்பட்ட தாள்களில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது என்று 2018 இல் ரிசர்வ் வங்கி அறிவித்தபோது பலர் வியந்தார்கள். பெட்டகச் சாவி வைத்திருந்த எனக்கு வியப்பாக இல்லை.

செல்லாத தாள்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 இல் அதே நவம்பரில், 16 ஆம் தேதி விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி எங்களுடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களை எட்டும் ஆண்டும் உண்டு, எட்டாத ஆண்டும் உண்டு. ஆகவே நெல்லை நம்பாமல் தென்னையை நம்பியிருந்தோம். ஒரே இரவில் தோப்புகள் படுத்துவிட்டன. காலையில் கிளைக்குப் போகும் வழியெங்கும் வானம் அகலமாகத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளில் அந்தச் சாலையில் நான் வானத்தை அப்படிப் பார்த்ததில்லை. வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. புதிதாக வைக்கும் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நகைக்கடனின் தவணையோ ஓராண்டு. இந்தக் கணக்கு எந்தப் படிவத்திலும் பொருந்தவில்லை. அதுவரை கிளைக்குள் வைப்பு நிதி போடுவதற்காக மட்டுமே வந்திருந்த தோப்புக்காரர்கள் முதன்முறையாக நகைக்கடன் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது ஒரு சவரன் 24,000 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. இந்த ஏற்றம்தான் எனக்கு இப்போது கவலை தருகிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நகை வைப்பது ஆபத்துக்கு. இன்று விலை ஏறியதும், 'அதே நகைக்கு இன்னும் எவ்வளவு கிடைக்கும்?' என்பதே முதல் கேள்வி. ஏறிய விலை வருமானம்போல் செலவாகிறது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23 இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு இறங்கியது என்று செய்தித்தாளில் படித்தபோது, எங்கள் கிளையில் சிறு சேமிப்புக் கணக்குகள் தேய்ந்ததும் நகைப் பைகள் பெருகியதும் என் கண்முன் வந்து நின்றன. வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்க முடியாது, முழுத் தொகையையும் கட்டி முடித்த பிறகே மறுபடி வைக்க வேண்டும் என்று நடைமுறை இறுகியதும், கிளை வாசலில் பெட்டிக்கடையை ஒட்டி இருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கத் தொடங்கினார்கள். காலையில் பணம் தருவார்கள். மதியம் புதுக் கடன் தொகை கைக்கு வந்ததும் முதலையும் வட்டியையும் வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு அவர்கள் வாங்கிய வட்டி, வங்கி ஒரு மாதத்துக்கு வாங்கும் வட்டிக்கும் அதிகம். கடன் சுமையைக் கட்டுப்படுத்த எழுதிய விதி, எங்கள் ஊரில் அந்த இருவருக்கு வேலைவாய்ப்பாக முடிந்தது. விதி எழுதியவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் புதுப்பித்துப் புதுப்பித்தே பதினைந்து ஆண்டுகள் ஒரு கடனைத் தள்ளியவர்களையும் எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு தாலிக்கொடி, நான்கு சவரன். 2007 இல் முதன்முதலாக வந்தபோது பேரேட்டில் 32 கிராம் 120 மில்லி என்று எழுதினேன். அதன்பின் மூத்த மகள் படிப்பு, இளையவள் கல்யாணம், கஜா, ஊரடங்கு என்று எத்தனையோ முறை போய்ப் போய் வந்தது. நான் ஓய்வு பெற்ற வாரத்தில் அந்த அம்மாள் மறுபடி கொண்டுவந்தார். தராசு 31 கிராம் 880 மில்லி காட்டியது. ஒரு கண்ணியும் அறுந்திருக்கவில்லை; மதிப்பீட்டாளர் மறுமுறை நிறுத்தும் அதே எடைதான். பழைய எடையைச் சொல்லி, 240 மில்லி குறைகிறதே அம்மா என்றேன். அவர் கோபப்படவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என் கழுத்துல கெடந்து தேஞ்சதவிட ஒங்க கல்லுல தேஞ்சதுதான் சார் அதிகம்."

மதிப்பீட்டாளர் உரைகல்லைத் துணியால் ஒரு முறை துடைத்து வைத்தார். நான் 31.880 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.