முகம் வேண்டாம், தம்பி

கிளிநொச்சியில் இப்போது எந்த நாடகம் மேடையேறினாலும் பின்னால் ஒரு திரை இருக்கும். அதில் ஏதாவது ஒரு படம் அசைந்துகொண்டிருக்கும். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வரும் பிள்ளைகளே லப்டொப்போடுதான் வருகிறார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு டெங்கு, மிதிவெடி, இளவயதுத் திருமணம் என்று விழிப்புணர்வு நாடகம் எழுதிக் கை பழகியவன் நான். அவர்களும் இப்போது "விஷுவல் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரதியைப் பற்றிய கேள்வி பிறகுதான் வரும், சில நேரம் வராது.

இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தீப்பந்தம் போய்ப் பெற்றோல்மக்ஸ் வந்தது, அதுவும் போய் ரியூப் லைற் வந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, சனம் சுற்றி இருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அன்றும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். இன்று அதையே மரபு என்று பாடத்திட்டத்தில் படிப்பிக்கிறோம். புரொஜெக்டரையும் அப்படித்தான் ஒருநாள் படிப்பிப்பார்கள். என் யோசனை எல்லாம், அந்தத் திரையில் யாருடைய முகத்தைப் போடுவது என்பதுதான்.

கடைசியாக எழுதிய நாடகம் ஒரு தாயைப் பற்றியது. கோவலன் கூத்தின் மெட்டுகளை எடுத்துக்கொண்டேன். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் தங்கினாள் என்பது இங்குள்ள சனத்தின் நம்பிக்கை. வைகாசிப் பொங்கலுக்கு அங்கே உப்புநீரில் விளக்கெரியும். அந்தக் கண்ணகியின் கையில் சிலம்புக்குப் பதில் ஒரு போட்டோவைக் கொடுத்துப் பார்த்தேன். எங்கிருந்து இந்த எண்ணம் வந்தது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அவர்களின் படங்களோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஏ9 வீதியால் போன எல்லோரும் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறோம்.

கண்ணகிக்கு ஒரு வசதி இருந்தது. சிலம்பை உடைத்தால் மாணிக்கம் தெறிக்கும், வழக்கு முடிந்தது. போட்டோவை உடைக்க முடியாது. பெரிதாக்கலாம். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் போய் வெறும் சதுரப் புள்ளிகள்தான் மிஞ்சும். நாடகத்தின் நடுக்காட்சி இதுதான் என்று முடிவெடுத்த பிறகே படம் செய்கிற ஆளைத் தேடிப் போனேன்.

அவர் ஒரு ஸ்ருடியோவில் கணினியில் வேலை செய்கிற இளைஞர். டிஜிட்டல் ஓவியம் என்றால் கொழும்புக் கலைக்கூடத்தில் தொங்குவது என்று நினைப்பவர்கள் இந்த ஸ்ருடியோவில் ஒரு மத்தியானம் இருந்து பார்க்க வேண்டும். 2009இல் சனம் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களுக்குப் போனபோது அல்பங்கள் வழியிலேயே போய்விட்டன. மிஞ்சியவை ஒரு அடையாள அட்டைப் படம், பொலித்தீன் பையில் மடித்து வைத்த ஒரு குழுப் படத்தின் மூலை, இப்படித்தான். அதைக் கொண்டுவந்து, தங்கச்சியின் கலியாணப் படத்தில் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தித் தரும்படி கேட்பார்கள். தம்பி முதலில் மடிப்புக் கோட்டை அழிப்பார். பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கோட்டின் மேல் வைப்பார். அது கன்னத்து மச்சத்துக்குக் கிட்ட வந்ததும் கை மெதுவாகும். மச்சம் போனால் பிள்ளை போச்சு. அப்புறம் கழுத்துக்குக் கீழே ஒரு கோட், சேர்ட்.

நான் இருந்தபோது ஒரு அம்மா முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்ர பிள்ளை இவ்வளவு வெள்ளை இல்லை, தம்பி" என்றார். ஸ்ருடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கித் தருவது வழக்கம். கேட்காமலே செய்வார்கள். தம்பி ஒன்றும் பேசாமல் திரும்பவும் கறுப்பாக்கினார். போதும் என்று அந்த அம்மா சொல்லும் வரை, ஒவ்வொரு படியாக. அடையாளம் பற்றிக் கருத்தரங்குகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக ஒருவரும் சொன்னதில்லை.

செயற்கை நுண்ணறிவிலும் முயன்றோம். வன்னித் தாய் என்று கேட்டால் பட்டுச்சேலையில் ஒரு மணப்பெண் வந்தாள். பனையைக் கேட்டால் தென்னை. போர் என்ற சொல்லைச் சேர்த்ததும் இடிந்த சுவரும், அளவாக வழியும் கண்ணீரும். பொறியைக் குறை சொல்லவில்லை. அது பார்த்துப் பழகிய படக்குவியலில் எங்கள் ஆட்கள் ஒன்றில் அலங்காரமாக இருக்கிறார்கள், இல்லாவிட்டால் இடிபாட்டுக்குள் இருக்கிறார்கள். சும்மா கடைக்குப் போகிற, மாட்டைக் கட்டுகிற, பொறாமைப்படுகிற வன்னிக்காரி அதற்குள் இல்லை. அவளை எழுத நான் இருக்கிறேன், சரி.

தம்பி விடாமல் இன்னொன்று செய்தார். பல முகங்களைக் கலந்து, யாருடையதும் அல்லாத ஒரு இளைஞன் முகத்தை உண்டாக்கினார். மிக நல்ல வேலை. ஆனால் அது திரையில் வந்தால் முன்வரிசையில் இருப்பவர் நாடகத்தைப் பார்க்க மாட்டார், தன் பிள்ளையின் சாயல் அதில் இருக்கிறதா என்று தேடுவார். "முகம் வேண்டாம், தம்பி" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

வழி காட்டியது காத்தவராயன் கூத்துத்தான். அதில் ஒரே காத்தவராயனைப் பல பேர் மாறி மாறி ஆடுவார்கள். ஆதிக் காத்தான் ஒருவர், பின் காத்தான் வேறொருவர். உயரம் வேறு, குரல் வேறு. ஆனாலும் இவன் யார் என்று சபையில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் திரையில் ஸ்ருடியோவின் நீலப் பின்னணியை மட்டும் போட்டோம், அடையாள அட்டைப் படத்தின் அளவு விகிதத்தில், வெறுமையாக. நடிகர்கள் ஒவ்வொருவராக அந்த நீலத்துக்குள் போய் நிற்பார்கள். தாய் எல்லோரையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

எழுதும் விதத்திலும் அவரிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். அவர் எதையும் அழிப்பதில்லை. படத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களில் வேண்டாததைக் கண்ணுக்குத் தெரியாமல் அணைத்து வைப்பார். (அவருடைய கோப்புகளுக்கு 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்று பெயர்கள். அதையும் நான் எடுத்துக்கொண்டது துரதிர்ஷ்டம்.) நான் பேனையால் எழுதுகிறவன், வேண்டாததை வெட்டிவிடுவேன். இந்தத் தடவை மகனின் வசனங்களை மட்டும் அணைத்தேன், தாயின் பதில்களை அப்படியே விட்டேன். "சாப்பிட்டுப் போ." "ஏன், மழைக்கு முதல் வந்திடுவாய்தானே." "அது நேற்றைய குழம்பு, வேண்டாம்." கேள்வி இல்லாத பதில்கள். ஒத்திகையில் மத்தளக்காரர் அந்த இடைவெளிகளில் தானாகவே கையை நிறுத்திக்கொண்டார். அங்கே கை வைக்க வேண்டாம் என்று நானும் சொல்லத் தேவைப்படவில்லை.

மின்சாரத்தை நம்பி எழுதுவதில்லை என்ற பிடிவாதமும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிரதியையும் ஒருமுறை திரை இல்லாமல் ஓட்டிப் பார்ப்பேன். நீலம் போனால் ஒரு நீலச் சீலையை இரண்டு பேர் பிடிப்பார்கள். கூத்தில் பாத்திரம் சபைக்கு வரும் வரவுக்குச் சீலை பிடிப்பது புதிய வேலையா என்ன.

துண்டுப்பிரசுரம் அச்சடிக்கும்போதுதான் சிக்கல். 2021இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரு டிஜிட்டல் படம் 69 மில்லியன் டொலருக்கு மேல் போனது. எங்கள் தம்பியோ "நான் ஓவியன் இல்லை, சேர். ஸ்ருடியோவில வேலை" என்கிறார். டிஜிட்டல் ஓவியம் என்று எழுதி அவர் பெயரைப் போடப் போனேன். "பேரைப் போடாதேங்கோ, முதலாளி கண்டால் எந்த நேரத்தில செய்தனீ என்று கேட்பார்." மத்தளக்காரர் பெயர் இருந்தது, ஒப்பனைக்காரர் பெயர் இருந்தது, அவருடையது இல்லை. காசாவது ஒழுங்காகப் போகட்டும் என்று பார்த்தால், நிதி தந்த நிறுவனத்தின் செலவுப் படிவத்தில் அதற்கொரு தலைப்பு இல்லை. கடைசியில் அவர்களே சொன்னபடி 'போட்டோக் கொப்பி' என்பதற்குக் கீழே எழுதினேன்.