பாலம் வரை 430

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ராத்திரியில காத்து குறையுமா தம்பி?"

நான் ரைஃபிளில் நெடுந்தூரம் சுடக் கற்றுக்கொடுக்கிறவன். இதைக் கேட்காத மாணவரே கிடையாது. நானும் கற்றுக்கொண்ட காலத்தில் கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றும் ரகசியமில்லை. தரை குளிர்ந்ததும் பெரும்பாலும் காற்று அடங்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் இரவில் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிசாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், பள்ளத்தாக்காக இருந்தால் சரிவில் குளிர்காற்று வழிந்து இறங்கும், பகலில் கானலைப் பார்த்துக் காற்றைக் கணிக்கிற வசதி இருட்டில் கிடைக்காது, அதனால் காற்று குறைந்தாலும் வேலை சுலபமாகிவிடாது. நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவை எல்லாம் ஏற்கெனவே பொறுக்கியாகிவிட்டது, இரண்டோ மூன்றோதான் கிடந்தன.

காரணம், அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு வாக்கியம். "மேல்மாடியிலேருந்து பாலம் வரைக்கும் 430 மீட்டர் வருது."

அவர் ஃபீனிக்ஸ்காரர், டர்பன் பக்கத்தில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினர் நிறைய வாழ்கிற ஊர் அது. நடந்தது 2022 மார்ச்சில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: 2021 ஜூலை கலவரத்தில் குவாசூலு-நட்டால், கௌட்டெங் ஆகிய இரண்டு மாகாணங்களிலுமாக 354 பேர் செத்தார்கள், அதில் ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றியும் மட்டும் 36 பேர், பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்புகளின் கறுப்பின மக்கள். அந்த வாரம் எங்கள் பகுதிகளில் தெருவுக்குத் தெரு தடுப்பு போட்டு ஆண்கள் காவல் நின்றார்கள். நானும் எங்கள் தெருவில் இரண்டு ராத்திரி நின்றேன், மகனுடைய கிரிக்கெட் மட்டையோடு. துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியை என் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வை என்று மனைவியிடம் நானே கொடுத்திருந்தேன். உரிமம் உள்ளவன் சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது சட்டப்படி தப்பு, மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. அந்த வாரம் யார் எங்கே நின்றோம் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. அவரையும் நான் கேட்கவில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் கடைசியில் சொன்ன ஒரு சொல் புரியாது. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்த்தேன். 2016-ல் ஆட்குறைப்பு. நாற்பத்தாறு வயசு. வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் நண்பன் ஒருவன் மிட்லண்ட்ஸில் பண்ணையில் இருந்த ஒரு துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சுக்குக் கூட்டிப்போனான். அங்கே கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆஃப்ரிக்கானர் கிழவர், டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர். எல்லோருக்கும் அவர் 'ஊம்'தான், மாமா மாதிரி. முதல் இரண்டு வாரம் தோட்டாவே தரவில்லை. குப்புறப் படு, குழாய் நுனியில் இரண்டு ராண்ட் நாணயத்தை வை, விசையை இழு, நாணயம் விழாமல் இருக்கட்டும். அவ்வளவுதான் பாடம். பிறகு உடம்பை ரைஃபிளுக்குப் பின்னால் கிடத்துகிற விதம், கண்ணை மூடித் திறந்தாலும் குறி நகராமல் இருக்கிற மாதிரி. பிறகு மூச்சு. காற்றெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான்.

முதல்முறை 800 மீட்டர் சுட்டதை இப்போதும் சொல்ல முடியும். 6.5 கிரீட்மோர் ரகத் தோட்டா. தோட்டா போய்ச் சேர ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. இரும்புத் தட்டில் பட்ட சத்தம் திரும்பி வர இன்னும் இரண்டு நொடிக்கு மேல். ஆக, விசையை இழுத்ததிலிருந்து மூன்றரை நொடி காத்திருக்க வேண்டும். அப்புறம் 'டங்'. நான் அழுதேன் என்று மனைவி இன்றும் கேலி செய்வாள். அழவில்லை, வியர்வை. ஆபீஸில் நான் 'இல்லை' என்று எழுதின ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு எந்தச் சத்தமும் திரும்பி வந்ததில்லை. சரியா தப்பா என்று தெரியாமலே ஃபைலை மூடிவிடுவோம். இங்கே அப்படி இல்லை. ஒரு மீட்டர் தள்ளிப் போனால் புழுதி எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும், காற்றைத் தப்பாகப் படித்தது நீதான் என்று. அந்த நேர்மைக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். சம்பளம் பழையதில் பாதி. வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது என்று பெரிதாகச் சொல்ல எனக்குக் கூச்சம், ஆனால் காலையில் எழும்புவதற்கு அலாரம் தேவைப்படவில்லை.

சரி, அவர் விஷயத்துக்கு வருகிறேன்.

அறுபத்திரண்டு வயசு, ஹார்டுவேர் கடை. தமிழ் பேசுவார், அதுவும் பாட்டிமார் காலத்துத் தமிழ். எங்கள் ரேஞ்சில் எல்லாமே இங்கிலீஷும் ஆஃப்ரிக்கான்ஸும்தான். ஆறு வருஷத்தில் ஒரு மாணவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். உரிமம் எல்லாம் சுத்தமாக வைத்திருந்தார். ஆளும் நல்ல கைக்காரர். இரண்டாம் நாள் மத்தியானம் பெர்க் விண்ட் அடித்தது, மேட்டு நிலத்திலிருந்து இறங்குகிற அந்தச் சூடான காற்று. காற்றைக் காட்டுகிற கொடிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை காட்டின. மற்ற நான்கு பேரும் சும்மா சுட்டுத் தோட்டாவை வீணாக்கினார்கள். இவர் ஸ்கோப் வழியாகக் கானலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நாலு நிமிஷம் இருக்கும். கானல் சாய்ந்து ஓடினால் காற்று உண்டு, நேராகக் கொதித்தால் பக்கக் காற்று இல்லை என்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது நேராக எழும்பின நேரம் பார்த்து மூன்று சுட்டார். மூன்றும் டங். நான் கத்திவிட்டேன். மாணவர்கள் முன்னால் கத்தக்கூடாது என்பது என் சொந்த விதி.

சாமான்களைக் கட்டும்போதுதான் பாலமும் 430-ம் வந்தது.

அன்று ராத்திரி முதலாளிக்குச் செய்தி எழுதினேன்: அடுத்த நிலைக் கோர்ஸுக்கு இவரைச் சேர்க்க வேண்டாம். காரணம் கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து 'உன் இஷ்டம்' என்று பதில் போட்டார். மனைவியிடமும் சொன்னேன். நல்ல வேலை செய்தீர்கள் என்றாள். ஒரு மனிதன் தன் வீட்டிலிருந்து பொதுப் பாலம் வரை தூரம் அளந்துவைத்திருக்கிறான், ராத்திரிக் காற்றைப் பற்றிக் கேட்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? தற்காப்பு என்று எந்த வழக்கறிஞர் சொன்னாலும், 430 மீட்டர் தூரத்தில் பாலத்தில் நிற்கிறவன் உன்னைத் தாக்கிக்கொண்டிருந்தான் என்று எந்த நீதிபதி ஒத்துக்கொள்வார்? நான் செய்தது பொறுப்பான காரியம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

ஆனால் ஒன்று. முதலாளிக்கு எழுதும்போதும் மனைவியிடம் சொல்லும்போதும் அவருடைய வாக்கியத்தை நான் முழுசாகச் சொல்லவில்லை. மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள், இங்கேயும் அப்படியேதான் விட்டிருக்கிறேன். அவர் சொன்னது இது: "நீ சொன்ன மாதிரியே கண்ணால கணிச்சேன் தம்பி, மேல்மாடியிலேருந்து பாலம் வரைக்கும் 430 மீட்டர் வருது."

நீ சொன்ன மாதிரியே. முதல் நாள் சாயங்காலம் ஐந்து பேருக்கும் நான்தான் வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டைச் சுற்றி மரம், கம்பம், கேட், ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தூரத்தைக் கண்ணால் கணித்து எழுதுங்கள், பிறகு வசதி கிடைக்கும்போது அளந்து பாருங்கள், கண் பழகும் என்று. மற்ற நான்கு பேரும் செய்யவில்லை. செய்துவந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தின வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரர் வந்திருந்தார். வீட்டு வராந்தாவிலிருந்து தன் கேட் வரை 380 என்றார். எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "நரிக்கு. அப்புறம் மத்ததுக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, 100-லிருந்து 500 வரை ஸ்கோப்பில் எத்தனை மில் (குறியைச் சரிசெய்கிற கோண அளவு) ஏற்ற வேண்டும் என்று அட்டவணை எழுதி, லாமினேட் செய்தும் கொடுத்தேன். அந்த 'மத்தது' என்ன என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. பண்ணைக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஒரு கணக்கு. ஃபீனிக்ஸ்காரர் பாலத்தைச் சொன்னதும் மட்டும் வயிறு பிசைகிறது. சொந்த ஜனம் என்பதால் எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று ஒரு நாள் நினைக்கிறேன். சொந்த ஜனத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுகிறேன் என்று இன்னொரு நாள். அந்த ராத்திரிகளில் என் மனசில் என்னென்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், அதைத்தான் அவர் வாயில் வைத்துக் கேட்டேனோ என்றும் தோன்றுகிறது. சாவியை ஒளித்து வைக்கச் சொன்னவன் நான், அவரில்லை.

அதோடு, நான் மறுத்ததால் எதுவும் நிற்கவில்லை. எங்கள் சான்றிதழ் சுவரில் மாட்டுகிற காகிதம், சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரைஃபிள் அவரிடம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, 800 மீட்டரில் கானலைப் படிக்கிற வித்தையை நானே கையில் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. 430-க்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. நான் தடுத்தது அடுத்த கோர்ஸில் வருகிற 1,000 மீட்டரை.

அவரைப் போனில் கூப்பிட்டேன். திரும்பத் திரும்ப மனசில் ஓடுவது இந்தப் பேச்சுதான்.

"அண்ணா, அடுத்த கோர்ஸ் இப்போ வேண்டாம்."

"ஏன் தம்பி? எங்க தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்லை."

"அப்புறம்?"

நான் பேசவில்லை. மூன்றரை நொடி இருக்கும்.

"பாலத்தைப் பத்திக் கேட்டேனே, அதுக்கா?"

இங்கேதான். இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் அளந்தீங்க அண்ணா என்று கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி. அவர் கோபப்பட்டிருப்பார், இல்லை சிரித்திருப்பார், இல்லை நான் கேட்க விரும்பாத ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார். அந்த மூன்றாவதுக்குப் பயந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இல்லைண்ணா, இடம் நிரம்பிடுச்சு" என்றேன். கிளெய்ம் ஆபீஸில் இதற்கென்றே தயாராக ஒரு கடிதம் இருக்கும், உண்மையான காரணத்தைச் சொல்லாமல் 'இல்லை' சொல்கிற கடிதம். நல்ல மொழியில் எழுதியிருப்பார்கள். அந்தக் குரல் எனக்குள்ளே அப்படியே இருந்திருக்கிறது, கொஞ்சம்கூடத் துரு ஏறாமல்.

அவர் உடனே வைக்கவில்லை. "இதுக்கு முந்தி என்ன வேலை பார்த்தே தம்பி?" என்றார்.

"இன்சூரன்ஸ்."

"தெரியுது" என்றார். கட்டணத்தைத் திருப்பி அனுப்பினோம்.

அடுத்த மாதம் ஏப்ரல் வெள்ளம். டர்பனில் அதற்குப் பிறகு யாருக்கும் வேறு நினைப்பு இல்லை. நானும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ரேஞ்சில் வீட்டுப்பாடம் கொடுப்பதை மட்டும் எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை. ஊமிடம் ஒரு தடவை இதைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் நாணயத்தை வைத்து மறுபடி படுக்கச் சொல்வார், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்கவில்லை.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஒரு வீட்டில் அவரைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் திரும்பிவிட்டார். மனைவியைக் காட்டினார், பேத்தியைக் காட்டினார். "இவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்" என்றார். அந்தப் பெண் பிள்ளை என்னைக் கும்பிட்டது. கிண்ணத்தில் கூழை வாங்கி அவரே என் கையில் கொடுத்தார்.

பிறகு காதருகே வந்து, "அது 430 இல்ல தம்பி. லேசர்ல அளந்து பார்த்தேன், 418. கண்ணு ஏமாத்திடுச்சு" என்றார்.

"பன்னிரண்டு மீட்டர்தானே அண்ணா, ஸ்கோப்புல ஒரு கிளிக்தான் வரும். நல்ல கணிப்பு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பேத்தியோடு பந்தல் பக்கம் போனார். கூழ் சூடாக இருந்தது, கிண்ணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.