லெபனானில் ஸாத்தர் வாங்கும்முன்

பெய்ரூத்தில் விடிந்ததுமே ஃபுர்ன் என்கிற ரொட்டிக்கடைகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். தெருமுனையிலேயே மூக்கைத் தொடும் ஸாத்தர் நெடி, நம் கொல்லைக் கற்பூரவல்லியைக் கசக்கினால் வருவதுதான். இரண்டு இலையிலும் கார்வக்ரால் என்கிற மணப்பொருள் இருக்கிறது.

ஸாத்தர் என்பது செடிக்கும் பேர், அதை வைத்துச் செய்யும் பொடிக்கும் பேர். செடி மலைச்சரிவின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தானாக வளர்வது. சாம்பல் பூத்த இலை, மெல்லிய சுணை, வெள்ளைப் பூ. பூக்கும் முன்பே அறுத்துவிட வேண்டும். அடியில் நாலு விரல் தண்டை விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அத்தோடு சரி. பறித்தே அழிக்கிறார்கள் என்று சொல்லி, எல்லைக்கு அந்தப்பக்கம் இஸ்ரேல் 1977-இல் காட்டு ஸாத்தர் பறிக்கத் தடை போட்டது. சமையலுக்குக் காலங்காலமாகப் பறித்துவந்த பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு அது ஆறாத மனக்குறை.

அறுத்ததைச் சிறு கட்டுகளாக நிழலில் தொங்கவிடுவார்கள். வெயிலில் போட்டால் இலை வெளுத்து மணம் பறந்துவிடும், குவித்து வைத்தால் கறுத்துப்போகும். சருகானதும் கையால் தேய்த்துக் காம்பைச் சலித்து நீக்க வேண்டும்.

பொடிக்கு நாலு கரண்டி இலைத்தூள், இரண்டு கரண்டி வறுத்த எள், ஒன்றரைக் கரண்டி சுமாக், அரைத் தேக்கரண்டி உப்பு. சுமாக் ஒரு புளிப்புச் செம்பழத்தின் தூள். பல கடைகளில் உப்புச் சேர்த்தே விற்பதால் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. எள் நன்றாக ஆறியபிறகே கலக்க வேண்டும், சூட்டோடு கொட்டினால் பொடி வியர்த்துக் கட்டி தட்டும்.

இந்தப் பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்து மாவில் தடவிச் சுடுவதுதான் மனூஷே. 2023-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. குழைவு இட்லிப்பொடிக்கு எண்ணெய் விட்ட பதத்தில் இருக்கட்டும். எண்ணெய் குறைந்தால் இலை கருகிக் கசக்கும், மிஞ்சினால் ஓரம் வழிந்து தட்டில் புகையும். வட்டமாகத் தட்டிய மாவை விரல் நுனியால் குழிகுழியாக அழுத்துவது அழகுக்கல்ல, எண்ணெய் தங்குவதற்கு.

மலிவுப் பொடியில் தவிடும் சிட்ரிக் அமிலமும் கலப்பதுண்டு. அமிலப் புளிப்பு நாக்கைச் சுள்ளென்று கடித்துவிட்டுப் போய்விடும், சுமாக் புளிப்பு மெல்ல ஏறி நிற்கும். வாங்குவது கால் கிலோ போதும். இலை தாங்கினாலும் எள் தாங்காது, சிக்கு வாடை அதில்தான் முதலில் வரும். நிறைய வேண்டுமென்றால் வெறும் இலையும் சுமாக்கும் வாங்கிவந்து, எள்ளை அவ்வப்போது ஊரில் வறுத்துக்கொள்ளலாம்.