கோபமானி ஏறவில்லை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் என் ஆள் ஒரு போர்வீரன். அடி வாங்கினாலும் கொடுத்தாலும் அவனுக்கு ‘ரேஜ்’ ஏறும், சிவப்புப் பட்டை ஒன்று நீளும். அந்தப் பட்டையின் மேல் ‘கோபம்’ என்று தமிழில் எழுதிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். வெப்பமானி மாதிரி கோபமானி. நாற்பது வரி லுவா நிரல், ஒரு தமிழ் எழுத்துரு, இரண்டையும் விளையாட்டுக்கு அறிமுகப்படுத்த ஒரு டாக் (.toc) கோப்பு. இப்படி விளையாட்டோடு நாமே சேர்க்கும் துணை நிரலுக்கு ஆட்ஆன் என்று பெயர். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று வேளச்சேரி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்தேன். மூன்று சனிக்கிழமை ஆனது.

முதல் நாள் விளையாட்டைத் திறந்து ஆளோடு உள்ளே போனால் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தி கூட இல்லை. உடனே நிரலைத்தான் நோண்ட ஆரம்பித்தேன், ஒரு மணி நேரம் வீண். முதலில் பார்த்திருக்க வேண்டியது வேறு. ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் இடது கீழ் மூலையில் ‘ஆட்ஆன்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வரும் பட்டியலில் நம் ஆட்ஆன் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அப்படி ஒன்று இருப்பதே விளையாட்டுக்குத் தெரியாது. நிரலில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. கோபமானியின் பெயர் அங்கே இல்லை.

காரணம் ஒன்று இல்லை, மூன்று, அடுக்கடுக்காக. நான் ஆடுவது கிளாசிக் எரா என்ற பழைய பதிப்பு. என் கணினியில் ரீடெயில் என்ற புதிய பதிப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர், தனித்தனி இன்டர்ஃபேஸ், அதற்குள் தனித்தனி ஆட்ஆன்ஸ். நான் போட்டது ரீடெயிலில். மாற்றிப் போட்டேன், அப்போதும் வரவில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் எழுதி ஜிப் ஆக்கிக் கொண்டுவந்திருந்தேன். இங்கே பிரித்தபோது கோபமானி ஃபோல்டருக்குள் இன்னொரு கோபமானி உட்கார்ந்துவிட்டது. விளையாட்டு ஒரு படிதான் உள்ளே பார்க்கும், பேரப்பிள்ளைகளைத் தேடிப் போகாது. ஃபோல்டர் பெயரும் உள்ளே இருக்கும் டாக் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவும் இருக்க வேண்டும். அதையும் சரி செய்தேன். ம்ஹூம்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது அக்கா பையன். லீவுக்கு வந்திருந்தான். பின்னால் நின்று பார்த்துவிட்டு, “மாமா, அதுக்கு ஏன் நோட்பேட் ஐகான் வருது?” என்றான். விண்டோஸ் கோப்பு நீட்சியை மறைத்து வைத்திருந்தது. நான் டாக் என்று நினைத்துச் சேமித்தது உண்மையில் ‘டாக் புள்ளி டெக்ஸ்ட்’. வியூ மெனுவில் நீட்சிகளைக் காட்டச் சொன்னதும் வால் வெளியே வந்தது. அந்த ஒரு டிக்கை நான் இனி எடுக்கப் போவதில்லை.

விளையாட்டை மூடித் திறந்தேன். பட்டியலில் கோபமானி இருந்தது, ஆனால் காலாவதியானது என்ற சிவப்புக் குறிப்போடு. டாக் கோப்பின் தலையில் இன்டர்ஃபேஸ் எண் என்று ஒன்று எழுத வேண்டும். எந்தப் பதிப்புக்காகச் செய்தது என்பதற்கு அது அடையாளம். பதிப்பு 1.15.7 என்றால் எண் 11507. நான் ஒரு பழைய ஆட்ஆனின் டாக்கை நகலெடுத்திருந்தேன், அதில் 11403 இருந்தது, அதாவது 1.14.3 காலத்துச் சரக்கு. ‘பழையதையும் ஏற்று’ என்று பட்டியலில் ஒரு டிக் இருக்கிறது, பலர் அதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதைப் போட்டால் என்றோ செத்துப்போன மற்ற ஆட்ஆன்களும் சேர்ந்து எழுந்து வரும். எண்ணை மாற்றுவது பத்து நொடி வேலை.

இரண்டாவது சனிக்கிழமை, கத்திரி வெயில். ஆட்ஆன் ஏறிவிட்டது என்று பட்டியல் சொல்கிறது, திரையில் பட்டை இல்லை. விளையாட்டு லுவா பிழைகளைத் தானாகக் காட்டாது. சாட் பெட்டியில் ஸ்லாஷ் கன்சோல் போட்டு ஸ்கிரிப்ட் எரர்ஸ் என்பதை 1 ஆக்க வேண்டும். ஆக்கினேன். அப்போதும் மௌனம். விளையாட்டு ஃபோல்டருக்குள் லாக்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் ஃப்ரேம்எக்ஸ்எம்எல் லாக் கோப்பைத் திறந்தால் ஒரே வரியில் குட்டு உடைந்தது: ‘பட்டை’ கோப்பைத் திறக்க முடியவில்லை. டாக் கோப்பில் பட்டைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘டி’ போட்டிருக்கிறேன், கோப்பின் பெயரில் இரண்டு ‘டி’. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் நமக்கு இதெல்லாம் வாழ்நாள் வியாதி. இல்லாத கோப்பை விளையாட்டு பிழையாக எண்ணுவதில்லை, லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறது.

திருத்தியதும் பட்டை வந்தது! நடுத்திரையில் இருந்ததை இழுத்து ஆளின் காலடிக்குக் கொண்டுபோனேன். ரசித்துக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. அரை மணி கழித்து வந்து திறந்தால் பட்டை பழையபடி நடுத்திரையில். நாம் மாற்றும் அமைப்புகளை விளையாட்டு வெளியேறும்போதோ, மூடாமலே ஆட்ஆன்களை மறுபடி ஏற்ற ரீலோட் போடும்போதோதான் வட்டில் எழுதுமாம். அதிலிருந்து எதை நகர்த்தினாலும் கை தானாக ஸ்லாஷ் ரீலோட் அடிக்கிறது.

பட்டை வந்தது, எழுத்து வரவில்லை. ‘கோபம்’ இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நின்றது. விளையாட்டின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, அது தெரிந்ததுதான். அதற்காகத்தான் நோட்டோ சான்ஸ் தமிழை ‘நோட்டோ’ என்று பெயர் சுருக்கி ஃபோல்டரில் வைத்திருந்தேன். ரீலோட் போட்டேன், கட்டம். புதிதாக வைத்த கோப்பை ரீலோட் கண்டுகொள்வதில்லை என்று அதற்குள் தெரிந்திருந்ததால் முழுசாக மூடித் திறந்தேன். மறுபடியும் கட்டம். கடைசியில் எழுத்துருவின் பாதையைச் சாட்டிலேயே அச்சடித்துப் பார்த்தேன். ஒரு வரி வர வேண்டிய இடத்தில் இரண்டு வரி. முதல் வரியில் இன்டர்ஃபேஸ், ஆட்ஆன்ஸ், கோபமானி மூன்றும் இடைக்கோடே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த வரியில் தலையில்லாத ‘ஓட்டோ’.

லுவாவில் பின்சாய்வுக் கோட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு. கோட்டுக்குப் பின்னால் சாதாரண எழுத்து வந்தால் கோடு காணாமல் போகும். ஆங்கில எழுத்து ‘என்’ வந்தால் இரண்டும் சேர்ந்து புதுவரி ஆகிவிடும். நோட்டோவின் ‘என்’ அப்படித்தான் பலியானது. ஒவ்வொரு கோட்டையும் இரட்டிப்பாக எழுத வேண்டும். நான் சோம்பேறி, எல்லாவற்றையும் முன்சாய்வுக் கோடாக மாற்றினேன், அதுவும் வேலை செய்கிறது. எழுத்துரு கிடைக்காவிட்டால் விளையாட்டு சத்தமில்லாமல் பழைய எழுத்துருவிலேயே இருந்துவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு நேரமும் பிழை என்று எதுவும் வரவில்லை.

இப்போது தமிழ் வந்தது. ஆனால் கோபம் கோபமாக இல்லை. முதலில் ஒரு ‘க’, அதற்குப் பின்னால் இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் சேர்ந்து நிற்க, அப்புறம் ‘ப’. ஒரு வாரம் இதை எழுத்துருவின் கோளாறு என்றே நினைத்து மூன்று எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை திருவல்லிக்கேணியிலிருந்து சித்தப்பா வந்தார். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையொன்றில் பல வருடம் டி.டி.பி. பார்த்தவர். காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது, கொம்பு பின்னாடி நிக்குது?”

“தெரியலை சித்தப்பா. அதுவா முன்னாடி வரணும்.”

“அதுவா எப்படி வரும்? பாமினியில நாங்க கொம்பைத்தான் முதல்ல அடிப்போம். அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்கு எது முதல்ல தெரியுதோ அதை முதல்ல அடிக்கணும்.”

அவர் சொன்னதுதான் விஷயம். யூனிகோடில் ‘கோ’ என்பது முதலில் ‘க’, அதன்பின் ஓகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தூக்கிப் போட்டு, காலைப் பின்னால் நிறுத்தும் வேலையைப் போனும் பிரௌசரும் நமக்குத் தெரியாமல் செய்துவிடுகின்றன. இந்த விளையாட்டு அந்த வேலையைச் செய்வதில்லை, வந்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடுகிறது. அப்படியானால் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, திஸ்கி காலத்து முறைதான் இங்கே செல்லும். தனிக் கொம்பைக் கீபோர்டில் அடிக்க முடியவில்லை, விண்டோஸின் கேரக்டர் மேப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன். கொம்பு, க, துணைக்கால், ப, ம, புள்ளி. எடிட்டரில் பார்த்தால் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று தொங்கிக்கொண்டு கண்றாவியாக இருக்கிறது. விளையாட்டுக்குள் ‘கோபம்’ என்று லட்சணமாக வந்தது.

உற்சாகத்தில் எதிராளியின் பட்டைக்கு ‘இலக்கு’ என்று எழுதினேன். ‘கு’ கைவிட்டது. ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இதற்குச் சித்தப்பாவின் வைத்தியம் செல்லாது, பாமினியில் ‘கு’வுக்குத் தனி எழுத்தே இருந்ததாம். உகரமே இல்லாத சொல்லாகத் தேடி ‘எதிரி’ என்று மாற்றிவிட்டேன். உயிர்ப் பட்டைக்கு ‘உயிர்’, அதில் தொல்லை இல்லை.

சித்தப்பா கிளம்பும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார். “ம் மேல புள்ளி வலது பக்கமா தள்ளி நிக்குதே, கடையில இதைத் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார். எழுத்துருவைத் திறந்து புள்ளியை இடப்பக்கம் நகர்த்திப் பார்க்க ஃபான்ட்ஃபோர்ஜ் இறக்கி வைத்திருக்கிறேன்.