முதலில் அளவியைக் கொடுங்கள்
பள்ளிக்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்ததும், இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வடிவங்களை இறக்கி அச்சிட்டு அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மாணவர் கையில் முதலில், மில்லிமீட்டரின் சிறு பின்னத்தையும் அளக்கும் வெர்னியர் அளவியைக் கொடுங்கள்.

என் வகுப்பில் முதல் வேலை, மூடி போட்ட ஒரு சிறு டப்பா. டப்பாவின் வாய் 40 மில்லிமீட்டர், உள்ளே இறங்கும் மூடியின் விளிம்பும் 40 என்று டிங்கர்கேட் என்ற முப்பரிமாண வடிவமைப்புச் செயலியில் வரைவார்கள். திரையில் கச்சிதமாகப் பொருந்தும். அச்சிட்டு எடுத்தால் மூடி இறங்கவே இறங்காது. உருகிய பிளாஸ்டிக் சற்றே பிதுங்கும், பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இதை நான் சொல்வதில்லை. இரண்டையும் அளந்து அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அடுத்த முறை மூடி ‘டக்’கென்று உட்காரும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

செங்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சாயும் பகுதி, அடியில் தாங்கு இல்லாவிட்டால் தொய்ந்துவிடும் என்பதும் இப்படித்தான் பிடிபடுகிறது. (பிளாஸ்டிக்கை உருக்கி வெளியேற்றும் முனையின் சூடு 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். கையை மட்டும் தள்ளியே வைக்கச் சொல்லுங்கள்.)

அச்சிட நேரமாகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். பொருளைச் சிறியதாக்குங்கள். திருத்தி மறுபடி அச்சிடும் வாய்ப்பை மட்டும் தயவுசெய்து குறைக்காதீர்கள்.