ஆஷ்பியிலிருந்து வந்த கசெட்டுகள்

1983 யூலைக்குப் பின் பிரித்தானியா வந்து சேர்ந்த நம் பழைய மாணவர்கள் பலரின் வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினி, தொலைக்காட்சியின் ஏரியல் துளையில் செருகும் ஒரு சிறிய கறுப்புப் பெட்டிதான்: சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் அது வெளிவந்தபோது 16கே நினைவகம் உள்ளது 125 பவுண், 48கே உள்ளது 175 பவுண். மறு ஆண்டில் அவை 99.95, 129.95 என்று இறங்கின. நூறு பவுணுக்குள் ஒரு கணினி என்பது அந்நாளில் பெரிய காரியம். பிள்ளைகளின் படிப்புக்கென்று சொல்லி வாங்கிய பெட்டியில் பெரும்பாலும் ஓடியவை விளையாட்டுகளே. அவற்றை வெளியிட்டவர்களுள் இந்த மலரில் பதிந்து வைக்கத் தகுந்தவர்கள் அல்டிமேட் ப்ளே த கேம் நிறுவனத்தார். எதைக் காட்டுவது, எதை எவ்வளவு காலம் மறைத்து வைப்பது என்பதை அவர்களைப் போல் அறிந்த வெளியீட்டாளர் அக்காலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

லெஸ்டர்ஷயரில் உள்ள ஆஷ்பி-டி-லா-ஸூஷ் ஒரு சிறு பட்டணம். அங்கே 1982இல் கிறிஸ் ஸ்டாம்பர், டிம் ஸ்டாம்பர் என்ற சகோதரர்கள் ஆஷ்பி கம்ப்யூட்டர்ஸ் அண்ட் கிராபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அல்டிமேட் என்பது அதன் வணிகப் பெயர். கிறிஸ் நிரல் எழுதினார், டிம் படம் வரைந்தார். இருவரும் அதற்கு முன்பே காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில் வேலை செய்து பழகியவர்கள். வீட்டுக் கணினிக்கு எழுதிய மற்றவர்களில் பலர் பள்ளி மாணவர்களாக இருந்த காலத்தில், இந்தத் தொழிற்பயிற்சி அவர்களைத் தனியே நிறுத்தியது.

முதல் விளையாட்டு ஜெட்பாக், 1983. முதுகில் உந்துபொறி கட்டிய விண்வெளி வீரன் துண்டு துண்டாகக் கிடக்கும் ராக்கெட்டைப் பொருத்தி, எரிபொருள் நிரப்பிப் புறப்பட வேண்டும். விலை 5 பவுண் 50 பென்ஸ். 3 இலட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அதன் உண்மையான அருமையை அறியக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 16கே ஸ்பெக்ட்ரத்தில் மொத்தம் 16,384 பைட். திரையின் புள்ளிகளுக்கு 6,144, நிறங்களுக்கு 768 போனால் மிச்சம் 9,472. அதிலும் கணினியின் சொந்தக் குறிப்புகளுக்கு ஒரு பகுதி போய்விடும். எஞ்சிய 9 கிலோபைட்டுக்கும் குறைவான இடத்தில் நிரல், படங்கள், ஓசை எல்லாம் அடங்கியாக வேண்டும். போதாததற்கு, அந்த 16கே நினைவகத்தைத் திரையை வரையும் யூஎல்ஏ சில்லும் செயலியோடு பகிர்ந்துகொள்கிறது. யூஎல்ஏ படிக்கும்போது இசட்80 செயலி காத்துநிற்க நேரும், ஆகவே வேகமும் குறையும். இத்தனைக்கும் நடுவில் ஜெட்பாக் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

ஜெட்பாக், ப்ஸ்ஸ்ட், ட்ரான்ஸ் ஆம், குக்கி ஆகிய நான்கும் இன்டர்பேஸ் 2 என்ற இணைப்புப் பெட்டிக்கான ரொம் (அழியாத நினைவகம்) கார்ட்ரிட்ஜாகவும் வந்தன. கார்ட்ரிட்ஜைச் செருகினால் கணினியின் சொந்த 16கே ரொம் விலகி, அதன் இடத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடித்துக்கொள்ளும். 16கேயைத் தாண்டிய எதுவும் அதில் ஏறாது. விலை 14.95 பவுண். அதே விளையாட்டு கசெட்டில் 5.50க்குக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்? விற்பனை சோர்ந்தது, இன்று அதனாலேயே அவை அரிய பொருள்கள்.

1983இன் பிற்பகுதியில் லூனர் ஜெட்மன், அடிக் அடாக் என்ற இரண்டும் 48கேக்கு வந்தன. அடிக் அடாக்கில் கோட்டைக்குள் அகப்பட்டவர் வெளியேறத் தங்கச் சாவியின் மூன்று துண்டுகளைத் தேட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சாவியில் ஏ, சி, ஜி என்ற எழுத்துகள் தெரியும்: ஆஷ்பி கம்ப்யூட்டர்ஸ் அண்ட் கிராபிக்ஸ். பேட்டி கொடுப்பதே அரிதான, கண்காட்சிகளில் முகம் காட்டாத, விளம்பரங்களில் பெரும்பாலும் ஓவியத்தையும் பெயரையும் மட்டுமே போட்ட ஒரு நிறுவனம், தன் கையெழுத்தை விளையாட்டுக்குள்ளேயே இப்படி வைத்தது.

1984இல் வந்த சேபர் வுல்ப் 9.95 பவுண். ஏறக்குறைய இரு மடங்கு. கசெட்டைப் பெரிய அட்டைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். இவ்வளவு விலை கொடுத்தவர் நண்பனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கத் தயங்குவார் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு கசெட் டெக் உள்ள எந்த இயந்திரமும் பிரதி எடுத்துவிடும் காலம் அது. விலையை ஏற்றித் திருட்டைத் தடுக்கலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த விளையாட்டின் 256 திரைகள் கொண்ட காட்டைக் கண்டவர்கள் விலையைப் பற்றிக் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் நைட் லோர். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான் என்று சொல்லலாம். ஓநாயாக மாறும் சாபம் பெற்ற சேபர்மன், 40 நாளுக்குள் 14 பொருள்களை, கேட்கும் வரிசைப்படி மந்திரவாதியின் கொப்பரையில் இட வேண்டும். பகலில் மனிதன், இரவில் ஓநாய். அறைகள் சாய்கோணத்தில், முப்பரிமாணமாகத் தெரிகின்றன. எட்டாத உயரம் வந்தால் கையிலிருக்கும் பொருளைக் கீழே வைத்து, அதன்மேல் ஏறிக் குதிக்கலாம். திரையில் இருப்பவை வெறும் படங்களாக அல்லாமல் திடப்பொருள்களாக நடந்துகொண்டது அன்று புதுமை.

இதை எப்படிச் செய்தார்கள்? ஸ்பெக்ட்ரம் திரை 256க்கு 192 புள்ளி. நிறமோ 8க்கு 8 கட்டங்களாகத்தான் வரும், ஒரு கட்டத்தில் இரண்டு நிறங்கள் மட்டும். ஒரு உருவத்துக்குப் பின்னால் வேறு நிற உருவம் போனால் ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் முப்பரிமாணக் காட்சியில் இது தாங்காது. எனவே ஸ்டாம்பர் சகோதரர்கள் நிறத்தைத் துறந்தார்கள்: ஓர் அறைக்கு ஒரு நிறம், பின்னணி கறுப்பு. அடுத்து, ஒவ்வொரு உருவத்துக்கும் இரண்டு படிகள். முதற்படி ஓட்டை வெட்டிய அச்சுத்தகடு போல, உருவம் விழும் இடத்தில் ஏற்கெனவே உள்ள புள்ளிகளை அழிக்கும். இரண்டாம் படி அந்த வெற்றிடத்தில் உருவத்தை இடும். தூரத்தில் உள்ளதை முதலிலும் கிட்ட உள்ளதைப் பிறகும் வரைய வேண்டும். யார் முன்னே, யார் பின்னே என்று ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கிட வேண்டும். இதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நினைவகப் பகுதியில் செய்து முடித்து, மாறிய துண்டை மட்டும் திரைக்கு நகலெடுத்தார்கள். அசையும் பொருள்கள் கூடிய அறையில் சேபர்மன் சேற்றில் நடப்பவனைப் போல் மெதுவாவதும் இதனால்தான். வேலை கூடக்கூட ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் கூடுகிறது. இந்த முறைக்கு பில்மேஷன் என்று பெயரிட்டார்கள்.

இனி முக்கியமான செய்தி. நைட் லோர், சேபர் வுல்ப்புக்கு முன்பே முடிந்திருந்தது. 1988இல் கொடுத்த ஓர் அரிய பேட்டியில் டிம் ஸ்டாம்பர் இதைச் சொன்னார். நைட் லோரை ஒருமுறை கண்டவர்கள் பிறகு சேபர் வுல்ப்பைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்ற நிறுவனங்களும் உடனே அதைப் பின்பற்றத் தொடங்கிவிடும். ஆகவே முடிந்த படைப்பைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். நல்ல நிரலாளர் பலர் இருந்தார்கள், ஆனால் தன் மிகச் சிறந்த வேலையை மாதக்கணக்கில் அடக்கி வைக்கும் நெஞ்சுரம் எல்லோருக்கும் வராது. பின்பற்றுவோர் பற்றிய அவர்கள் ஊகமும் பலித்தது. 1986இல் ஓஷன் நிறுவனம் வெளியிட்ட பேட்மன், 1987இன் ஹெட் ஓவர் ஹீல்ஸ் இரண்டும் அதே வழியில் வந்தவை. அவற்றை எழுதிய ஜோன் ரிட்மன் பிற்காலத்தில் ஸ்டாம்பர்களிடமே வேலைக்குப் போனார்.

அதன் பிறகு ஸ்பெக்ட்ரம் அவர்களுக்குப் போதவில்லை. நின்டெண்டோவின் பமிகொம் விளையாட்டு இயந்திரத்தைத் தாங்களாகவே பிரித்து ஆராய்ந்து, அதன் இயக்கத்தைக் கண்டறிந்தார்கள். 1985இல் ரேர் என்ற புதிய நிறுவனம் பிறந்தது, அல்டிமேட் பெயர் யூஎஸ் கோல்ட் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தப் பெயரில் 1987 வரை வந்த மார்ஷனாய்ட்ஸ், பப்ளர் ஆகியவற்றில் பழைய உயிர்ப்பு இல்லை. ரேர் என்ன ஆனது என்பது பலரும் அறிந்தது: 1994இல் டொங்கி கொங் கன்ட்ரி, 1997இல் கோல்டன்ஐ, 2002இல் 37.5 கோடி டொலருக்கு மைக்ரோசொப்ட் வாங்கியது, 2007இல் சகோதரர்கள் விலகினார்கள். 1999இன் டொங்கி கொங் 64க்குள் ஜெட்பாக் முழுவதும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 2015இல் வந்த ரேர் ரீப்ளே தொகுப்பில் ஜெட்பாக், லூனர் ஜெட்மன், அடிக் அடாக், சேபர் வுல்ப், அண்டர்வுர்ல்ட், நைட் லோர், கன்ப்ரைட் ஏழும் உள்ளன.

ஆனாலும் பரணில் மூல கசெட் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டாம். ஓட வைக்க வழி உண்டு. முதலில் மின்சாரம்: 9 வோல்ட், 1.4 அம்பியர், செருகியின் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர்மின். மாற்றிச் செருகினால் பலகை எரியும். பின்பு பிளேயரின் தலையை ஐசோப்ரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். கசெட்டுக்குள் நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளிப் பட்டை உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்திருந்தால் ஒலி தேய்ந்து வரும். டோல்பி என்ற இரைச்சல் குறைப்பை நிறுத்தி, ஒலியை முக்கால் அளவில் வைத்து, இயர் வயரை மட்டும் இணையுங்கள். ஜே விசையை அழுத்தி, சிம்பல் ஷிப்ட்டுடன் பியை இருமுறை தட்டி, என்டர்: இதுவே நாடாவிலிருந்து ஏற்றும் கட்டளை.

திரையோரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடுவது முன்னோசை, பெயரும் அளவும் உள்ள தலைப்புப் பகுதிக்கு ஏறக்குறைய 5 விநாடி, தரவுக்கு 2. நீலமும் மஞ்சளும் ஓடினால் தரவு வருகிறது. முன்னோசை சரியாகக் கேட்டும் தரவு மட்டும் தவறி ஏற்றப் பிழை காட்டினால், பெரும்பாலும் தலையின் சாய்வுதான் குற்றம். முன்னோசை ஏறக்குறைய 800 ஹேர்ட்ஸ், தரவில் பூச்சியங்கள் 2,000 ஹேர்ட்ஸைத் தாண்டும். சாய்வு பிசகினால் உயர்ந்த அதிர்வெண்தான் முதலில் மழுங்கும். தலையின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு இருக்கும் சிறு திருகாணியை, நாடா ஓடும்போதே சிறு திருப்புளியால் எட்டில் ஒரு சுற்று அளவில் திருப்பி, கீச்சொலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒருமுறை ஏறியதும் அந்த நிலையிலேயே இன்றைய கணினி ஒன்றில் பதிவு எடுத்துவிடுங்கள்: 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட். ஸ்டீரியோ பிளேயரானால் இடது, வலது ஒலி இரண்டையும் கூட்டாமல் தெளிவான ஒன்றை மட்டும் எடுங்கள், சிறு சாய்வு இருந்தாலும் கூட்டும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். எம்பி3 வேண்டாம், அது அலையின் விளிம்புகளைக் கெடுக்கும். பிறகு கசெட்டை முழுவதும் ஒரு பக்கத்துக்குச் சுற்றி, ஒலிபெருக்கிகளுக்குத் தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். பெரிய அட்டைப் பெட்டிகளின் மேல் வேறு எதையும் அடுக்க வேண்டாம், அவற்றின் மூலைகள்தான் முதலில் நசியும்.