பங்குனி இல்லாத ஊரில் ஒரு கத்தரிப் பாத்தி

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றி. நம் கல்லூரி அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். மைதானத்துக்குள் தண்ணீர் கொண்டு ஓடியதைத் தவிர எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆகவே கத்தரிக்காயைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் பெருமைப்பட இடமில்லை. தொழின்முன்னிலை என்று பள்ளியிலேயே ஒரு தொழிலைப் பழக்கிய பாடத்தில் என் பாத்திக்குக் கிடைத்தது 100க்கு 32 புள்ளி.

எழுபதுகளில் படித்தவர்களுக்கு அந்தப் பாடம் நினைவிருக்கும். இலங்கையின் 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு வந்தது. வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரசு கதவடைத்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் செம்மண்ணில் அவற்றைப் பயிரிட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள். அந்தக் காற்று கல்லூரி மதிலைத் தாண்டி உள்ளேயும் வீசியது. மைதானத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தவைத்து, ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தார் விவசாய மாஸ்டர்.

மாஸ்டர் பாடநூலைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பாடம் மாதங்களால் ஆனது. கார்த்திகையில் நாற்றுமேடை. மார்கழியில் வேலிப் பூவரசில் குழை வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பது. தையில் நடவு. பங்குனியில் முதற்காய். மாரியில் பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும், கோடையில் அதைத்தான் கிணற்றிலிருந்து திருப்பி எடுக்கிறோம், ஆகவே ஒரு பட்டைத் தண்ணீரைக்கூட வீணாக்காதே என்பார். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமான துலாவில் ஏறி மிதிக்க எங்களை அவர் விட்டதில்லை. கயிற்றைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவதுதான் எங்கள் வேலை.

அந்த வேலையில் நான் அளவுக்கு மீறி உற்சாகம் காட்டினேன். காலையில் ஒருமுறை, பள்ளி விட்டதும் ஒருமுறை என்று ஊற்றியதில் என் கத்தரிகள் தளதளவென்று இலைவிட்டன. காயைக் காணவில்லை. மாஸ்டர் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். விரல் நீளத்துக்குமேல் அது கீழே போகவில்லை. “வேரைச் சோம்பேறியாக்கிவிட்டாய்” என்றார். 32 புள்ளி அதற்குத்தான்.

அடுத்த பாத்திக்காரனுக்கு வேறு விதமான துயரம். முதல்நாள் மாலை நன்றாக நின்ற செடி மறுநாள் பச்சை நிறம் மாறாமலேயே தொங்கிப்போனது. மாஸ்டர் தண்டை அடியில் சாய்வாக வெட்டி, ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குவளையில் இருந்த தண்ணீரில் தொங்கவிட்டார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற ஓர் இழை நூல்நூலாகக் கீழே இறங்கியது. மண்ணிலிருந்து வரும் பக்டீரியா வாடல் என்றார். மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று செத்த மண்ணில் மற்றொன்றை வைக்காதே. அன்று அந்தக் குவளையைச் சுற்றி நாற்பது தலைகள். என் கல்லூரிக் காலத்தில் நான் முழுக்கவனத்தோடு இருந்த ஐந்து நிமிடங்கள் அவையாகத்தான் இருக்கும்.

வீட்டிலும் பங்குனிக்குத் தனி மணம் உண்டு. வேம்பு பூக்கும். விடிவதற்கு முன்னரே அம்மம்மா மரத்தடியைக் கூட்டிப் பழைய வேட்டியொன்றை விரித்துவிடுவார். உதிர்ந்த பூவைச் சுளகில் புடைத்துத் தூசு நீக்கி நிழலில் உலர்த்துவார். ஊறவைத்த உளுந்தை அம்மியில் கரகரப்பாக அரைத்து, இடித்த செத்தல் மிளகாய், சிறிதாக வெட்டிய சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு, எல்லாவற்றோடும் பூவைச் சேர்த்துப் பிசைந்து, தட்டைத்தட்டையாகத் தட்டிப் பனையோலைப் பாயில் காயவைப்பார். காகத்துக்குக் காவல் நான். சம்பளம், காயாத வடகம் ஒன்று. கசப்பும் உறைப்புமாக அந்த ஈர வடகத்தின் ருசிக்குப் பொரித்த வடகம் ஒருநாளும் ஈடாகாது என்பது என் கட்சி. வீட்டில் வேறு யாரும் இந்தக் கட்சியில் சேரவில்லை.

நான்கு நாள் வெயிலில் கல்லாகிவிடும். போத்தலில் அடைத்து மேல்தட்டில் ஏற்றினால் அது இறங்குவது ஐப்பசி, கார்த்திகையில்தான். வெளியே மழை கொட்டும், மரக்கறி அருமையாகும், அப்போது சோறு, சொதி, பொரித்த வடகம். பங்குனி வெயிலைக் கார்த்திகையில் கடித்துத் தின்றோம்.

1986இல் சிங்கப்பூர் வந்தேன். முதல் இருபது ஆண்டுகள் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்காய், புடலங்காய், பாகற்காய், கத்தரி நாலு நிறத்தில், வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கிடைக்கும். அதுதான் கோளாறு என்பது பிறகுதான் விளங்கியது. எல்லா நாளும் எல்லாம் கிடைத்ததில் மாதங்கள் என் நாக்கிலிருந்து கழன்று போய்விட்டன. சமையலறைச் சுவரில் மனைவி தொங்கவிட்டிருக்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தால்தான் பங்குனி பிறந்ததே தெரியும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம் அல்லவா? அதையடுத்து தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலம் அனுப்பியது. எங்களுக்கும் தபாலில் வந்தது. கீரை விதை ஒரு பொட்டலம், காய் விதை ஒரு பொட்டலம். கீரை கங்கோங். ஊரில் கங்குன் என்போமே, அதேதான். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் விடவேண்டும் என்ற விதிக்கு உட்பட்டு நான்கு தொட்டி வைத்தேன். மூன்று வாரத்தில் வறைக்கு இலை கிடைத்தது. ஓய்வுபெற்ற கணக்காளன் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்? தலைகால் புரியாமல், கழகத்தின் வாடகைப் பாத்திக்கும் விண்ணப்பித்துவிட்டேன். குலுக்கலில் விழுந்தது. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்று ஆண்டு. கல்லூரியில் நான் பாழாக்கிய பாத்தியின் பாதிகூட வராது.

கத்தரி என்று முன்பே முடிவுசெய்திருந்தேன். தேக்காவில் முற்றிப் பழுத்து மஞ்சளாகிப்போன ஊதாக் கத்தரி ஒன்றைக் கேட்டு வாங்கியபோது கடைக்காரத் தம்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார். விதை நன்றாகவே முளைத்தது. பத்து நாற்று நட்டேன். இம்முறை தண்ணீர் ஊற்றுவதில் மாஸ்டர் சொற்படியே கஞ்சனாக இருந்தேன், வானம் இருக்கவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை, 2,113 மில்லிமீட்டர். யாழ்ப்பாணத்தில் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் பெய்யும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் மண்ணுக்கு ஓய்வு உண்டு. இங்கே மண் காய்வதே இல்லை.

பூ வைக்கும் பருவத்தில் ஒரு காலை இரண்டு செடிகள் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்றாலும் ஒரு தண்டை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, விருந்தினருக்கென்று வைத்திருக்கும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிறைத்துத் தொங்கவிட்டேன். பால் இழை இறங்கியது. நாற்பத்தேழு வருடம் கழித்து அதே இழை. செடி சாகிறது என்பதை மறந்து நான் மகிழ்ந்து நின்றதை மனைவி பார்த்துவிட்டார். குவளையைப் பற்றி அவர் சொன்னதை மலரில் எழுத முடியாது. அந்த மாத முடிவுக்குள் பத்துச் செடியும் போயின.

வழி காட்டியவர் பக்கத்துப் பாத்தி மலாய்ப் பெரியவர். நான் அவரை பாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன். தன் பாத்தி ஓரத்தில் நின்ற முட்செடி ஒன்றைக் காட்டி, இதன்மேல் ஒட்டு, சாகாது என்றார். நம் சுண்டங்கத்தரி, சுண்டைக்காய்ச் செடி! மலாயில் தெரோங் பிப்பிட், அதாவது சிட்டுக்குருவிக் கத்தரி. அதன் வேர் இந்த வாடலைத் தாங்கும்; பல நாடுகளில் கத்தரியை அதில் ஒட்டித்தான் நடுகிறார்கள். வேலி ஓரத்துக் காட்டுச்செடி என்று நாம் எண்ணியிருந்தது கத்தரிக்குக் கால் கொடுக்கிறது. மாஸ்டர் இதை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்து, நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

சுண்டங்கத்தரி முளைக்கவும் வளரவும் சுணங்கும். கத்தரிக்குச் சில வாரம் முன்னதாகவே அதை விதைக்க வேண்டும். இரண்டின் தண்டும் பென்சிலைவிட மெல்லியதாக, ஒரே பருமனாக வரும்போது அடிச்செடியின் தலையை வெட்டி நடுவே பிளந்து, கத்தரி நுனியை ஆப்புப்போலச் சீவிச் செருக வேண்டும். பிடித்துக்கொள்ள நான் பயன்படுத்தியது உறிஞ்சுகுழலிலிருந்து வெட்டிய துண்டு. மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ஒரு வாரம் நிழலில் வைத்தேன். ஒன்பது ஒட்டினேன், நான்கு பிடித்தன. ஒன்று வாடினால் போதும், கை நடுக்கத்தைச் சொல்லிக் காட்டுவதற்கு வீட்டில் ஆள் உண்டு.

இந்த முறை ஒரு வேலை செய்தேன். நாட்காட்டியை எடுத்துச் சித்திரைப் பிறப்பிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். இந்த மண்ணுக்குப் பங்குனி தெரியாது, எனக்குத் தெரியுமே. பங்குனி கடைசி வாரம் பதினொரு காய் பறித்தேன். விதை வைக்காத பிஞ்சு. நாலாகக் கீறி நேரே தண்ணீரில் போட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயத்தோடு தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதற்பாலை விட்டு ஒரு கொதியில் இறக்கி, ஆறியபின் தேசிக்காய் பிழிந்த பால்கறி. தூளோ புளியோ இந்தக் காய்க்குத் தேவையில்லை. போடுபவர்களோடு நான் வாதிடவும் மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன்.

வடகம்தான் இன்னும் சரிவரவில்லை. பூங்காவில் வேம்பு நிற்கிறது. அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். நண்பர் ஒருவரின் தரைவீட்டு வேம்பு மாதம் பார்த்துப் பூப்பதில்லை, மனம் வந்தபோது பூக்கிறது. பூ கிடைத்தாலும் காயவைக்கப் பங்குனி உதவாது. பிற்பகல் இடிமழைக் காலம். இங்கே மழை குறைந்த மாதம் பிப்ரவரி. ஆகவே சென்ற மாசியில் திறந்தவெளித் தரிப்பிடத்தில் நிற்கும் காருக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே தட்டை வைத்தேன். மூன்று நாளில் காய்ந்துவிட்டது. கார் மட்டும் வைகாசி வரை பெருஞ்சீரகமும் வெங்காயமுமாக மணந்தது. பேரப்பிள்ளைகள் அதில் ஏற மறுத்தார்கள்.

ஒட்டு நாற்று ஏழு கைவசம் இருக்கிறது. சங்கத்தின் ஆண்டு விருந்துக்குக் கொண்டுவருகிறேன். வேண்டுவோர் மலர்க் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் எண்ணம் உள்ளவர்கள் கங்கோங் விதை கேளுங்கள், அது நிறைய இருக்கிறது.